அறுபத்து மூவருக்கு ஒரு படம்

பீன்யா இரண்டாம் கட்டம்,
பதினான்காவது குறுக்குத் தெரு.
ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தால்
லேத் எண்ணெய் வாசனை.
நஞ்சுண்டய்யா ஒரு கறுப்பு வளையத்தை
என் உள்ளங்கையில் வைத்தார்.
பால் குளிரூட்டும் தொட்டியில்
சுழலும் தண்டைச் சுற்றி உட்காரும் சீல்.
இதற்கு ஒரு வீடியோ வேண்டும்.

எத்தனை பேர் பார்க்க வேண்டும் என்றேன்,
எல்லாரிடமும் கேட்பது போல.
எல்லாரும் லட்சம் என்பார்கள்.
அவர் நீல டைரியை எடுத்து
எச்சில் தொட்டுத் தொட்டுத் தாள் புரட்டினார்.
தேநீர் ஆறிவிட்டது.
"அரவத்த மூரு."

அறுபத்து மூன்று பேர்.
பிராகாரத்தில் வரிசையாக நிற்பவர்களைப் போல
ஒவ்வொருவர் பெயரும் தெரிந்திருந்தது அவருக்கு.
ஹாசனில் இருவர், ஈரோட்டில் மூவர்,
கர்நூல்காரன் பாக்கி வைத்திருக்கிறான்
அவனுக்கு அனுப்பாதே என்றார்.
வாசல்வரை வந்து
சரி, அனுப்பு என்றார்.

டிரோன் இல்லை. இசை இல்லை.
இசைக்கான காசில்
நல்ல விளக்கு ஒன்று வாடகைக்கு எடுத்தேன்.
ஃபிட்டர் ஷாயிஸ்தாவின் கைகள் மட்டும்:
மோட்டாரைக் கழற்றாமல்
பழையதை உருவி
புதியதை உட்கார வைக்கும் கைகள்.
ஓரிடத்தில் வளையம் நழுவி
தொட்டிக்குள் விழப் பார்த்தது.
அதை வெட்டிவிடுகிறேன் என்றேன்.
"எல்லாருக்கும் அங்கதான் நழுவும்,
இருக்கட்டும்" என்றாள்.

ஆளுக்கொரு சுட்டி அனுப்பினோம்.
முதல் வாரம் பதினொரு பார்வைகள்.
அதில் நான்கு என்னுடையவை.

எம்பிஏ படிக்கும் மகன்
லேத் முன்னால் ஆடும் ஒரு பையனைக் காட்டினான்.
மூன்று லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள் அப்பா.
"இதுல தொட்டி வச்சிருக்கறவங்க யாரு?"
கிண்டலாகக் கேட்கவில்லை அவர்.
நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.
மகன் இருட்டும்வரை
பின்னூட்டங்களில் தேடிக்கொண்டிருந்தான்.

ஒன்பதாம் நாள்
கோலார் சுட்டி விழித்துக்கொண்டது.
நள்ளிரவு தாண்டி இரண்டு ஐம்பதுக்கு.
ஒன்று, இரண்டு, ஒன்பது முறை.
ஒவ்வொரு முறையும்
ஒன்று நாற்பத்தேழில் நின்று
பின்னால் போய்
மறுபடி வந்திருக்கிறது.
ஷாயிஸ்தாவின் கை நழுவிய இடம் அது.

பார்வை என்ற சொல்லை
எத்தனை ரசீதுகளில் எழுதியிருக்கிறேன்.
கட்டைவிரல் தள்ளிவிட்ட முகங்களுக்கெல்லாம்
அந்தப் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன்.
இங்கே ஒருவன்,
ஐயாயிரம் லிட்டர் பால் சூடேறிக்கொண்டிருக்க,
போனை வாளியில் சாய்த்து வைத்து
பார்த்திருக்கிறான்.

காலை எட்டேகாலுக்கு அழைப்பு.
அருளப்பன், நைட் ஷிப்ட், கோலார்.
விலை கேட்கவில்லை.
பால் தப்பித்துவிட்டதாம்.
நழுவினதுக்கு அப்புறம்
அந்த அம்மா எந்த விரலால அழுத்தறாங்க,
மறைக்குது, தெரியல,
நான் முழங்கையால அழுத்தினேன் என்றார்.
போனை ஷாயிஸ்தாவிடம் கொடுத்தேன்.
"மோதிர விரல்" என்றாள்.
அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து ஆர்டர்,
நாற்பது சீல், முன்பணத்தோடு.
யார் மூலம் அறிந்தீர்கள் என்ற கட்டத்தில்
பர்ச்சேஸ் மேனேஜர் கையெழுத்தில்:
எங்கள் ஃபிட்டர் வேறு எதுவும் வேண்டாம் என்கிறார்.

கர்நூல்காரன் படத்தைத் திறக்கவே இல்லை.
ஆனால் பழைய பாக்கியில் பாதி வந்தது.
ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

நேற்று மறுபடி கூப்பிட்டார்.
இன்னொரு சீலாம், மருந்து கம்பெனிகளுக்கு.
"இந்த முறை ஒன்பதே பேர்.
ரேட்டைக் குறைச்சுக்கோம்மா,
ஆளு கம்மிதானே."
இல்லை சார், ஒன்பது என்றால் அதிகமாகும்,
இன்னும் கிட்டப் போய் எடுக்கணும் என்றேன்.
நீல டைரியில் எதையோ
ஒன்பதால் வகுத்துப் பார்த்தார்.
தேநீர் சொல்லி அனுப்பினார்.